ஒரு தம்ளர் தண்ணீரும் ஒன்றரைக் காலும்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மாடிப்படியில் கால் தடுக்கியது. இடது கணுக்கால். லேசான வீக்கம். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

கவலைப்படலாம் போலிருக்கிறது. கணுக்கால் இருந்த இடத்தில் இப்போது ஒரு பன் ரொட்டி இருக்கிறது. அம்மா பற்றுப் போட்டாள். ஆபீசுக்கு லீவ்.

இருபத்தொரு நாளில் எனக்குக் கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபம். முப்பதாம் தேதி சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். பெண் செண்பகவல்லி. கோவில்பட்டி. தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருக்கிறேன். விண்ணப்பத்தில் யார் எந்த நோயை மறைத்தார்கள் என்று கண்டுபிடித்துப் பணம் கிடையாது என்று எழுதுவது என் வேலை. எட்டு வருஷமாக நன்றாகவே எழுதுகிறேன்.

பரமசிவம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மருமவனே, இது வெளிய தெரிஞ்சா மாப்ள நொண்டின்னு ஊருக்கே சேதி போயிரும். மூச்சு விடப்படாது."

"சுளுக்குதான் மாமா. சொன்னா என்ன?"

"கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கையில காலு போச்சுன்னா, பொண்ணு வீட்டுக்காரன் சுளுக்குன்னா நெனைப்பான்? பெறவில இருந்தே இப்படித்தான், மறைச்சுட்டாங்கன்னு நெனைப்பான். நான்னா அப்படித்தான் நெனைப்பேன்."

கால் விஷயத்தில் மாமா கெட்டிக்காரர். ஆனி மாதம் கோவில்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோது, பஜ்ஜி காப்பியெல்லாம் முடிந்த பிறகு, "ஒரு தம்ளர் தண்ணி கொண்டாம்மா" என்றார். செண்பகவல்லி அடுக்களைக்குப் போய் எடுத்துவந்தாள். "இன்னும் கொஞ்சம் ஜில்லுனு இருந்தா நல்லாருக்கும்" என்றார். மறுபடியும் போய் வந்தாள். மாமா தம்ளரை வாங்கி, குடிக்காமல் அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, என் காதில், "நடை சரி" என்றார். என்ன நுணுக்கமான மனுஷன் என்று அன்றைக்கு வியந்து தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 12, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறதாம். எலும்பு டாக்டர் கட்டுப் போட்டு, எப்சிபா மேடத்திடம் அனுப்பினார். பிசியோதெரபிஸ்ட். நாற்பது வயதிருக்கும். சிரிக்காமல் பேசுகிறவர்.

"எப்படி விழுந்தீங்க?"

"படியில."

"எத்தனாவது படி?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. மூன்றாவது என்றேன்.

"படியில விழுந்தா கையோ முட்டியோ எங்கயாவது சிராய்ச்சிருக்கும். உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லையே?"

இந்த மாதிரிக் கேள்விகளை நான் பிறரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் கேட்டால் இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

கல்யாண மாப்பிள்ளை என்று எப்சிபா மேடத்திடம் சொல்லிவிட்டேன். நடப்பதில் அவருக்குக் கவலையில்லை. கல்யாணத்துக்குள் மெதுவாக நடந்துவிடலாமாம். ரிசப்ஷனில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"நாலு மணி நேரம் இருக்கும். சும்மா நிக்கதுதானே மேடம்?"

மனுஷிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மாவா? நீங்க நிக்கும்போது உங்க உடம்போட பாரம் கணுக்காலுக்கு நேரா இறங்கல. கொஞ்சம் முன்னாடி இறங்குது. அதனால எந்த நேரமும் முன்னாடி விழப் பாக்கீங்க. பின்னாடி இருந்து கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. நீங்க போறீங்க, அது இழுக்குது. போறீங்க, இழுக்குது. உங்களுக்குத் தெரியாமலே ஆடிக்கிட்டே இருக்கீங்க. நிக்கதுன்னா அதான்."

சுவரில் புள்ளி வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். உண்மைதான். முப்பத்தோரு வயதுவரை ஆடாமல் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பிறகு ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக் காட்டினார். இடுப்பின் முன்பக்கம் ஒரு ஜவ்வு இருக்கிறதாம், உடம்பிலேயே பலமானது. இடுப்பை லேசாக முன்னால் தள்ளினால் மேலுடம்பு அதன்மேல் தொங்கிக்கொள்ளும், தசைக்கு ஓய்வு. முழங்காலை முழுக்க நீட்டினால் அங்குள்ள ஜவ்வுகள் இறுகிப் பூட்டிக்கொள்ளும், தொடைக்கு ஓய்வு.

"ஆனா பூட்டி வச்சே நிக்கக் கூடாது. கெண்டைக்கால் அசைஞ்சாத்தான் காலுக்குப் போன ரத்தம் மேல ஏறும். அசையாம விறைப்பா நின்னா ரத்தம் கீழயே தங்கிரும். தலை சுத்தி விழுவீங்க. அணிவகுப்புல பிள்ளைங்க பொத்து பொத்துன்னு விழுதில்ல, அதுக்கு வெயில் மட்டும் காரணம் இல்ல."

"கணுக்கால்ல?"

"கணுக்கால் சும்மா பூட்டிக்காது. அங்க ரெண்டு பக்கமும் ஜவ்வுதான் காவல். காவல் மட்டுமில்ல, கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குத் தகவல் சொல்லுறதும் அதான். உங்களுக்கு ஒரு பக்கம் தகவல் சரியா வரல."

தகவலை மறைக்கும் ஜவ்வு. என் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19, புதன்

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனோம். இரண்டு குடும்பமும் வந்திருந்தது. பெண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து நூற்றுப்பத்துப் புடவைகளை விரிக்கச் சொல்லி முதல் புடவையை எடுத்தார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது குட்டு வெளிப்படும் என்பது மாமாவின் கணக்கு. எனவே இரண்டரை மணி நேரம் தூணில் சாய்ந்து வலது காலிலேயே நின்றேன். இடது காலை மடித்துத் தூணில் ஊன்றிக்கொண்டேன். பார்ப்பவர்களுக்கு அலட்சியமாக நிற்பது போலத்தான் தெரிந்திருக்கும்.

செண்பகவல்லி இரண்டு முறை என்னைப் பார்த்தாள். புடவை எப்படி என்று கேட்கும் பார்வை என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறையும் தலையாட்டினேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "நீங்க எப்பவும் வலது கால்லதான் நிப்பீங்களா?"

"அது என் ஸ்டைல்" என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்க வேண்டும். பயிற்சி. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். அதுவும் பயிற்சியில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, சனி

நடன மாஸ்டர் போன் செய்தார். மாப்பிள்ளை ஆடுவதெல்லாம் எங்கள் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அவருக்கு வருத்தம்.

இது என் சொந்த நாட்குறிப்பு, எனவே எழுதுவதில் தவறில்லை. ரிசப்ஷனில் பெண்ணுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று பன்னிரண்டு ஸ்டெப் ரகசியமாகக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது ஸ்டெப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் குதிக்க வேண்டும். மொட்டை மாடியில் குதித்தேன். இறங்கிய இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் குழாய் இருந்தது. படி என்று முதல் நாள் எழுதியது முழுப் பொய் அல்ல. மாடிக்குப் படி வழியாகத்தான் போனேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

ஆபீஸ். ஒரு பெண்மணியின் கிளெய்ம் வந்தது. முழங்கால் தேய்மானத்தை விண்ணப்பத்தில் சொல்லவில்லை. "முக்கியத் தகவல் மறைக்கப்பட்டுள்ளது" என்று எழுதக் கை போனது. ஏனோ நாளைக்குப் பார்க்கலாம் என்று மேலே வைத்தேன்.

செண்பகவல்லி போன் செய்தாள். ரிசப்ஷனில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டாள். எல்லோரும் ஏன் இதையே கேட்கிறார்கள்?

"எங்க ஸ்கூல்ல கிளாஸ் ரூம்ல டீச்சருக்கு நாற்காலியே கிடையாது தெரியுமா?" என்றாள். "உக்காந்தா பாடம் நடத்த மாட்டோமாம். கரெஸ்பாண்டன்ட் எல்லாத்தையும் எடுத்து குடோன்ல அடுக்கிட்டார். ஒரு நாளைக்கு ஏழு பீரியட். ஆறு வருஷமா நிக்கேன். முதல் மாசம் அசெம்பிளில மயங்கியே விழுந்துட்டேன். அப்புறம் பழகிருச்சு."

"அப்படியா?" என்றேன்.

"நிக்கிறதுல எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. உங்களுக்கு எதாவது கேக்கணும்னா கேளுங்க."

"எனக்கு என்ன கேக்க வேண்டியிருக்கு?" என்று சிரித்தேன். பிறகு சாப்பிட்டாச்சா என்று கேட்டு வைத்துவிட்டாள். பள்ளிக்கூடக் கதையை எதற்கு இப்போது சொன்னாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

மேடை அலங்காரக்காரர் படங்கள் கொண்டுவந்தார். நடுவில் இரண்டு ராஜா நாற்காலிகள். தங்க முலாம், சிங்கத் தலை, சிவப்பு வெல்வெட்.

"இதுல எப்ப உக்காரணும்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"யாரும் உக்கார மாட்டாவ சார். பின்னால கெடந்தாத்தான் போட்டோவுல ராயலா இருக்கும். மாப்ள, பொண்ணு முன்னால நிப்பாவ."

வருகிறவர்கள் நிற்கும்போது நாம் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்றார் மாமா. "நீ ஒண்ணும் கவலைப்படாத மருமவனே. உன் இடது பக்கம் நான் நிக்கேன். சாஞ்சுக்கோ. தாய்மாமன் எதுக்கு இருக்கேன்?"

ஆகஸ்ட் 28, வெள்ளி

கண்ணை மூடி இடது காலில் நிற்கச் சொன்னார் எப்சிபா மேடம். மூன்று எண்ணுவதற்குள் அவர் தோளில் விழுந்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிருங்க."

"முப்பத்தொண்ணாம் தேதி தாலி கட்டுனதும் சொல்லிருவேன் மேடம்."

"பாலிசி போட்டு முடிச்ச மறுநாள் ஒருத்தர் வந்து எனக்கு இந்த நோய் ஏற்கெனவே இருக்குன்னு சொன்னா, உங்க ஆபீஸ்ல என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம்: பாலிசி ரத்து.

ஆகஸ்ட் 30, ஞாயிறு. மாலை நான்கு மணி

ஷூவுக்குள் கால் கட்டோடு நுழைந்துவிட்டது. பெருமாள் புண்ணியம்.

அன்றைய ரிசப்ஷன், மறுநாள் மதியம் எழுதியது

ஆறரைக்கு மேடை ஏறினோம். கீழே மண்டபத்தின் வாசல்வரை வரிசை. ஒவ்வொருவராக ஏறி, பரிசைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, போட்டோக்காரர் "சார், கொஞ்சம் உள்ள" என்றதும் உள்ளே வந்து, சிரித்து, எங்கே சாப்பாடு என்று கேட்டு இறங்கினார்கள். செண்பகவல்லி என் வலப்பக்கம். மாமா இடப்பக்கம். பின்னால் சிங்கங்கள்.

முதல் ஒரு மணி நேரம் வலது கால் பார்த்துக்கொண்டது. அதன் பிறகு வலது கெண்டைக்கால் தனியாக நடுங்க ஆரம்பித்தது. இடுப்பை முன்னால் தள்ளித் தொங்கினேன். "சார், தொப்பைய உள்ள இழுங்க" என்றார் போட்டோக்காரர். மாமாவின் மேல் சாய்ந்தேன். அவரும் என் மேல் சாய்ந்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

எட்டு மணிக்கு மைக்கில் அறிவிப்பு. யூனியன் சேர்மன் வந்துகொண்டே இருக்கிறார், வரிசை அப்படியே நிற்கட்டும். தாய்மாமன் வாசலுக்கு ஓடினார். வந்துகொண்டே இருந்தவர் இருபத்தைந்து நிமிஷம் வந்துகொண்டே இருந்தார். ஏறுவார் இறங்குவார் யாரும் இல்லை. நாங்கள் இருவரும் முந்நூறு பேருக்கு முன்னால் சும்மா நின்றோம்.

இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பூட்டினேன். கணுக்காலில் வலி குறைந்தது. நான் எவ்வளவு புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் குளிர்ந்த வியர்வை. லைட்டெல்லாம் மஞ்சளாகி, நாதஸ்வரம் பக்கத்துத் தெருவில் கேட்டது.

"முட்டியப் பூட்டாதீங்க."

செண்பகவல்லி முன்னால் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் பேசினாள். வகுப்பில் பழகியிருப்பாள்.

"லேசா மடக்குங்க. குதிங்காலைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி இறக்குங்க. யாருக்கும் தெரியாது. ம், அப்படித்தான். மூச்சு விடுங்க."

மண்டபம் பழைய நிறத்துக்கு வந்தது.

"இடது காலுதானே? பட்டுக்கடையிலயே தெரியும்."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. "ஜவ்வு" என்றேன். "பாதி கிழிஞ்சிருக்கு. மொட்டை மாடில ஆடுனேன். உனக்காக."

அந்நேரம் பார்த்துப் போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார். ஆல்பத்தில் வரும். அதில் என் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

"நாளைக்கு."

"தாலி கட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

சொன்னதும் வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. எட்டு வருஷத்தில் நான் நிராகரித்த ஆட்கள் எவரும் என்னளவு திட்டமிட்டு மறைத்ததில்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுல உங்க மாமா தண்ணி கேட்டாரே" என்றாள். "ரெண்டு தடவை. நடையத்தான் பாத்தார்னு எனக்கு அப்பவே தெரியும். ஒரு வாய்கூடக் குடிக்கல. நீங்க எல்லாரும் போனப்புறம் அதை எடுத்து முருங்கைக்கு ஊத்துனேன். அந்தத் தண்ணிய விட, அவர் உங்க காதுல சொன்னதுக்கு நீங்க தலையாட்டுனதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

அவ்வளவுதான், கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள். இறங்கிப் போகப்போகிறாள் என்று பார்த்தால், இரண்டு எட்டு வைத்து ராஜா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அலங்காரக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். "மேடம், அது உக்காரதுக்கு இல்ல!"

அவள் அப்பா பின்னாலேயே வந்தார். "என்னம்மா, மயக்கமா?"

"இல்லப்பா. ஆறு வருஷமா நிக்கேன். இன்னைக்கு நாற்காலியையும் போட்டு வச்சு, அதுக்கு முன்னாடியே நில்லுன்னா எப்படிப்பா?" என்று சொல்லி, என் கோட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜென்மத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

அதே நேரம் மாமா சேர்மனோடு மேடை ஏறினார். "எந்திரிங்க, எந்திரிங்க, சேர்மன் வந்திருக்காவ!"

அவள் உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். "வாங்க சார். இவங்களுக்குக் கணுக்கால்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அதான் உக்காந்திருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

மூன்று வாரம் மூச்சு விடாமல் காத்த ரகசியம் அது. முன்வரிசை கேட்டது. பந்தி நடக்கும் இடம்வரை போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அப்பா என்னைப் பார்த்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம்.

சேர்மன்தான் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "ஜவ்வா? எந்தப் பக்கம்? எனக்குப் போன வருஷம் வலது முட்டியில கிழிஞ்சுது தம்பி. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எத்தனை மேடை, எத்தனை கொடியேத்தம், நின்னே செத்தேன்" என்று பத்து நிமிஷம் பேசினார். அவர் இறங்கியதும் வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் பரிசைக் கொடுத்த கையோடு தங்கள் மூட்டு, குதிகால், நரம்பு விவரங்களையும் கொடுத்தார்கள். இத்தனை மறைக்கப்பட்ட தகவல்களை எட்டு வருஷ சர்வீசில் நான் பார்த்ததில்லை. கல்யாணம் நிற்கும் என்று ஒருவர்கூட நினைத்ததாகத் தெரியவில்லை, மாமாவையும் என்னையும் தவிர.

கூட்டம் குறைந்தபோது அவள் மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, தாகமா இருக்கு. ஒரு தம்ளர் தண்ணி கொண்டாறீங்களா?"

மாமா மேடையின் அந்தக் கோடிக்குப் போய் எடுத்துவந்தார்.

"கொஞ்சம் ஜில்லுனு இருந்தா நல்லாருக்கும் மாமா."

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போய் வந்தார். அவள் வாங்கி, குடிக்காமல், சிங்கத்தின் காலடியில் வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"இடது முட்டி தேஞ்சிருக்கு. இத்தனை நாள் எப்படி மறைச்சார்?"

ஆகஸ்ட் 31, திங்கள்

தாலி கட்டினேன். அம்மி மிதிக்கும்போது அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மற்றொரு பாதத்தை நான் பிடித்திருந்தேன். அவள் ஆடவில்லை என்று எழுத வந்தேன். ஆடத்தான் செய்தாள், எல்லோரும் ஆடுகிற அளவு. அக்கினியைச் சுற்றும்போது என் வேகத்துக்கு நடந்தாள்.

நாளை முதல் மாமாவை எப்சிபா மேடத்திடம் அழைத்துப்போக வேண்டும். மேலே எடுத்து வைத்த அந்தப் பெண்மணியின் கிளெய்மை லீவ் முடிந்ததும் இன்னொரு முறை ஒழுங்காகப் படிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்து அறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு தம்ளர் தண்ணி கொண்டாங்களேன்" என்றாள்.

கூஜா அறையின் அந்தப் பக்கம் இருந்தது. ஷூ இல்லை, கோட்டு இல்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை. நன்றாகவே நொண்டினேன். போகும்போதும் பார்த்தாள், வரும்போதும் பார்த்தாள். தம்ளரை நீட்டிவிட்டு நின்றேன். பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பையனுக்கு இருக்கும் பயம் எனக்கு இருந்தது.

வாங்கி, ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.